பன்னிரண்டு சுளை

தேவனஹள்ளிக் கோட்டை வாசலில்
ஒரு பால் வண்டி நுழைந்தால்
இன்னொரு பால் வண்டி காத்திருக்கும்.
யானைக்கு அளந்த வாசல் என்கிறார்கள்.
யானை வருவதில்லை. வந்தாலும்
எங்கள் தெருவில் திரும்ப இடமில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து
ஆறேகாலுக்கு உள்ளே வருவேன்,
கழுத்தில் விமான நிலைய அட்டையோடு.
வாடகை நாலாயிரம்.
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
துப்பாக்கிக்கு விட்ட ஓட்டையில்
வீட்டுக்காரர் முனிநஞ்சப்பாவின் டூத்பிரஷ்.

ஞாயிறு காலை தொப்பிக்காரர்கள் வருவார்கள்.
முன்னால் ஷெணாய் என்றொரு பையன்,
இடுப்பில் சின்ன ஸ்பீக்கர்:
முதலில் மண்கோட்டை, பிறகு கல்கோட்டை,
மாதக்கணக்கில் முற்றுகை,
கொத்தளம் பன்னிரண்டு, எண்ணிக்கொண்டே வாருங்கள்.
எண்ணுவார்கள்.
ஏழாவதில் என் பாவாடை காயும்.
அதை ஓரமாய் ஒதுக்கிவிட்டுப் படம் எடுப்பார்கள்.
இங்கே இன்னுமா ஆட்கள் இருக்கிறார்கள்
என்று ஒருத்தி கேட்டாள்.
ரேஷன் கடை வரிசையைப் போய்ப் பாரம்மா என்றார்
முனிநஞ்சப்பா, மிளகாயைக் கிளறியபடி.

கொல்லையில் அவருக்கு ஒரு சக்கோத்தா மரம்.
எங்கள் பக்கம் பம்பளிமாஸ்.
ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தி அலுத்து
இப்போது 'அது' என்கிறோம்.
ரன்வேக்குப் போன நிலத்தில்
நாற்பது 'அது' நின்றதாம்.
பணம் வந்தது. போர்வெல் போட்டார்.
போர்வெல்லில் புகைதான் வந்தது.
மிஞ்சிய மரத்தின் காய் ஒவ்வொன்றிலும்
கறுப்பு மார்க்கரால் எண் எழுதி வைத்திருக்கிறார்.
இந்த வருஷம் இருபத்தாறு.

புதன்கிழமை, இரண்டு நாற்பது, ஷார்ஜா.
பெட்டிகள் என் திரையில் நீந்திப் போகின்றன:
செருப்பு, மசாலா, குக்கர், குர்ஆன், மறுபடி குக்கர்.
பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை,
மனிதத் தலை அளவு.
தடித்த மதில்.
மதிலுக்கு உள்ளே வட்டமாய் அறைகள்.
பெல்ட்டை நிறுத்தினேன்.

என்னக்கா, வெடியா? என்றாள் லால்ரின்புயி.
வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள் அவளுக்கு.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்து. பதினொன்று.

மேலே போகிறவர்களுக்கு
ஜன்னல் வழியே எங்கள் ஊர்
இப்படித்தான் தெரியுமாம்.
நான் ஏறியதில்லை.
ஏறுகிறவர்களின் பெட்டியைப் பார்த்து அனுப்புகிறவள்.

பெட்டிக்காரியைக் கூப்பிட்டார்கள்.
மஹபூபி. சந்தைத் தெருவில் பன் சுடுகிறவள்,
புர்கா ஓரத்தில் மைதா வெள்ளை.
நைட்டிக்குள் சுற்றியிருந்தது.
கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல என்று
சொல்லத் தோன்றியது. இல்லை,
திருடியதைச் சுற்றுவதுபோல.

மகளுக்கா?
தலையாட்டினாள்.
ஏழாம் மாசம். எதுவும் உள்ளே தங்கவில்லையாம்.
ஷார்ஜா கடையில் கிடைக்காதா?
கிடைக்கும், அது வெறும் பழம் என்றாள்.
அவள் கன்னடமும் என் கன்னடமும்
இரண்டுமே கடன் வாங்கியவை;
அந்தச் சொல் மட்டும்
இருவருக்கும் சொந்தம்போல விழுந்தது.

பழத்தைத் திருப்பினேன்.
காம்புக்குக் கீழே,
கோணலான எனக்குத் தெரிந்த கையெழுத்தில்
பத்தொன்பது.

அவள் என்னைப் பார்த்தாள்.
என் அட்டையைப் பார்த்தாள்.
பழம்தான், போகட்டும் என்றேன் லால்ரின்புயியிடம்.
பெல்ட் நகர்ந்தது.
கோட்டை, ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு
இருட்டுக்குள் போனது.

ஆறேகாலுக்கு
முனிநஞ்சப்பா மரத்தடியில் நின்றிருந்தார்,
நோட்டும் பென்சிலுமாய்.
பதினெட்டு இருக்கிறது, இருபது இருக்கிறது என்றார்.
மதிலைப் பார்த்தார். கல் பெயர்ந்த இடத்தில்
பூனை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஷெணாய் சொல்லும் முற்றுகையெல்லாம் சும்மா என்றார்,
ஒரு ராத்திரியில் விழுந்துவிட்டது பார்.

எங்கள் பேச்சின்மேல்
ஒரு விமானம் தாழப் போயிற்று.
அது தேயும்வரை இருவரும் வாய்மூடி நின்றோம்,
இந்த ஊர் வழக்கப்படி.
அவர் மறுபடி கேட்பதற்குள்
ஏழாவது கொத்தளத்துக்குப் போய்
யாரோ ஒதுக்கி வைத்திருந்த பாவாடையை
முழு அகலத்துக்கும் விரித்தேன்.